பாலைத் திணை நோக்கில் இரமணர் வாழ்வு: அருணாசல மலைச்சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இரமண மகரிஷியின் (1879–1950) வாழ்க்கை பெரும்பாலும் மெய்யியல் நோக்கிலேயே எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்வாழ்க்கை நிகழ்ந்த நிலம், அந்நிலத்தின் வெம்மை, நீர், விலங்கு, மக்கள், கைவினை ஆகியன அவ்வரலாறுகளில் பின்புலமாகவே நின்றுவிடுகின்றன. திருவண்ணாமலையின் வறண்ட மலைச்சூழலை முதன்மைப்படுத்தி, தமிழ் அகமரபின் பாலைத் திணைக் கோட்பாட்டைத் துணையாகக் கொண்டு, இரமணரின் வாழ்வையும் தமிழ்ப் பாடல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: இரமணர், அருணாசலம், பாலை, பிரிவு, உடன்போக்கு, விருபாட்சிக் குகை, அட்சரமணமாலை.

முன்னுரை

தொல்காப்பியம் பாலையை நடுவுநிலைத் திணையாகக் கொண்டு, அதற்கெனத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனில் வெம்மையால் தம் இயல்பு திரியும்போது கொள்ளும் வடிவமே பாலை என்னும் விளக்கத்தைச் சிலப்பதிகாரம் தருகிறது. ஆகவே தமிழ் மரபில் பாலை என்பது மணல்வெளியைக் குறிக்கும் சொல் மட்டுமன்று. ஒரு நிலம் தன் வளத்தை இழந்து நிற்கும் நிலையைக் குறிப்பதாகும். அதன் உரிப்பொருள் பிரிவு, பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல்.

திருவண்ணாமலைப் பகுதிக்கு இவ்விளக்கம் மிகப் பொருந்துகிறது. செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம், 583 அடிகளில் இவ்வட்டாரத்தை அருவியும் தினைப்புனமும் தேனும் நிறைந்த குறிஞ்சியாகக் காட்டுகிறது. சேயாற்றின் நீர்வளமும் அதில் பேசப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரமணர் கண்ட அருணாசல மலையோ பாறையும் முட்புதரும் சப்பாத்திக்கள்ளியும் மிகுந்த மலை. ஏறத்தாழ 2,670 அடி உயரமுள்ள இம்மலையைச் சுற்றி வற்றாத ஆறு இல்லை. தெற்கே தென்பெண்ணையும் வடக்கே செய்யாறும் விலகி ஓடுகின்றன. ஊர் வாழ்வது ஏரிகளையும் குளங்களையும் சுனைகளையும் நம்பியே. இத்தகைய நிலத்தில் 54 ஆண்டுகள் ஓரிடத்தும் வெளிச்செல்லாது வாழ்ந்த ஒருவரின் வாழ்வை அந்நிலத்தினின்று பிரித்துப் படிக்க இயலுமா என்பதே இக்கட்டுரையின் வினா.

திருச்சுழியிலிருந்து மதுரை வரை

இரமணரின் இயற்பெயர் வேங்கடராமன். 1879 டிசம்பர் 30 அன்று, ஆருத்திரா தரிசன நாளின் நள்ளிரவுக்குப் பின், திருச்சுழியில் சுந்தரமையருக்கும் அழகம்மாளுக்கும் இரண்டாம் மகனாகப் பிறந்தார். சுந்தரர் பாடல் பெற்ற திருச்சுழி, தென்பாண்டி நாட்டின் மழை குறைந்த கரிசல் வட்டாரத்தைச் சார்ந்தது. ஆயினும் அவ்வூரின் தலபுராணம் பெருவெள்ளத்தைப் பற்றியது. ஊழி வெள்ளத்தைச் சிவபெருமான் சூலத்தால் நிலத்தைத் துளைத்துச் சுழித்து உட்செலுத்தியமையால் ஊர் அப்பெயர் பெற்றது என்பர். நீரரிய நிலமே நீர் பற்றிய தொன்மத்தைப் பேணுகிறது என்பது கருதத்தக்கது. இரமணரின் பிற்காலப் பாடல்களிலும் இம்முரண் வேறு வடிவில் தோன்றுகிறது.

1892இல் தந்தை மறைந்தபின் வேங்கடராமன் மதுரையில் சிற்றப்பா சுப்பையரின் இல்லத்தில் வளர்ந்தார். ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும் பின்னர் அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் பயின்றார். 1895 நவம்பரில் ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர், தாம் அருணாசலத்திலிருந்து வருவதாகக் கூறினார். அதுவரை அப்பெயரை ஓரிடமாக எண்ணிப் பார்த்திராத சிறுவனுக்கு அது பெருவியப்பை அளித்தது. அதன்பின் பெரியபுராணத்தைப் படித்தார். 1896 ஜூலையில், உடல்நலத்தோடு இருந்த 16 வயதில், திடீரென மரண அச்சம் பற்றியது. உடலைக் கட்டை போல் கிடத்தி, இறப்பது எது என்று உள்நோக்கிய அந்தச் சில நிமிடங்களே அவர் வாழ்வை இரண்டாகப் பகுத்தன.

பிரிவும் வழியும்

1896 ஆகஸ்டு 29 அன்று வேங்கடராமன் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். அண்ணன் நாகசாமியின் கல்லூரிக் கட்டணத்திற்கென வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, எஞ்சிய இரண்டையும் கையொப்பமில்லாத சிறு கடிதத்தையும் வைத்துச் சென்றார். கடிதத்தின் தொடக்கத்தில் தன்னைச் சுட்டிய தன்மைச் சொல், முடிவில் அஃறிணைச் சுட்டாக மாறியிருப்பதை வரலாற்றாசிரியர் பலரும் குறித்துள்ளனர்.

இப்பயணம் அகமரபின் பாலை வழியை நினைவூட்டுகிறது. அவர் பார்த்த பழைய நிலப்படத்தில் திண்டிவனமே அண்மை நிலையமாக இருந்தது. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்குப் புதிய இருப்புப்பாதை அமைந்திருந்ததை அப்படம் காட்டவில்லை. உடன் பயணம் செய்த ஒருவர் அதனைக் கூறிய பின்னரே விழுப்புரத்தில் இறங்கினார். கையிலிருந்த காசு மாம்பழப்பட்டு வரையே போதியது. அங்கிருந்து நடந்து அறையணிநல்லூர்க் கோயிலை அடைந்தார். மறுநாள் கீழூரில் முத்துகிருஷ்ண பாகவதர் இல்லத்தில் உணவுண்டு, காதிலிருந்த கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்தார். திருக்கோவலூரிலிருந்து தொடர்வண்டியில் 1896 செப்டம்பர் 1 காலை திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். அடகுச் சீட்டையும் கிழித்தெறிந்திருந்தார். அண்ணாமலையாரை வணங்கியபின் ஐயன்குளத்தருகே தலைமுடியை மழித்து, எஞ்சிய காசையும் உடையையும் களைந்தார். மழித்தபின் நீராடுவதை அவர் தவிர்த்தார்; ஆனால் கோயிலுக்குள் நுழையுமுன் மழை பெய்து நனைத்தது. வறண்ட நிலம் வந்தவரை வரவேற்றது மழையால் என்பது வரலாற்றில் பதிவான செய்தி.

அகமரபில் தலைவி தலைவனோடு உடன்போக்கு மேற்கொள்ளும்போது நற்றாய் மனையில் இருந்து வருந்துவாள். செவிலி சுரத்திடைத் தேடிச் செல்வாள். இரமணர் வாழ்வில் இவ்விரு நிலையையும் ஏற்றவர் அழகம்மாள். மகன் இருக்கும் இடம் ஈராண்டுக்குப் பின் தெரியவந்தது. 1898 டிசம்பரில் மூத்த மகனுடன் பவழக்குன்றுக்கு வந்து, நாள்தோறும் மலையேறி, உடன்வருமாறு அழுது வேண்டினார். மகன் வாய் திறக்கவில்லை. அருகிருந்தோர் வற்புறுத்தத் தாளில் எழுதிக் காட்டிய விடையில், நிகழ்வன வினைவழியே நிகழும், தடுப்பாரில்லை, ஆகவே மௌனமே நன்று என்னும் கருத்து அமைந்திருந்தது. தேடிச் சென்ற செவிலியைச் சுரத்திடை எதிர்ப்பட்டோர் அறம் கூறித் திருப்பியனுப்பும் அகத்துறைக்கு இக்காட்சி நெருங்கி நிற்கிறது. ஒரு வேறுபாடு உண்டு: அங்கு ஆற்றுவிப்போர் பிறர், இங்கு பிரிந்தவரே ஆற்றுவிக்கிறார். தாய் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

குகையும் வேனிலும்

திருவண்ணாமலையில் முதற் சில ஆண்டுகள் இரமணர் பல இடங்களில் தங்கினார். ஆயிரங்கால் மண்டபத்தில் சிறுவர்கள் கல்லெறிந்தமையால் பாதாளலிங்கக் குழிக்குள் சென்றார். பூச்சிகள் உடலை அரித்ததையும் அறியாது கிடந்த அவரைச் சேஷாத்திரி சுவாமிகள் காத்து நின்றார். பின்னர் அன்பர்கள் வெளியே தூக்கி வந்தனர். இலுப்பைத் தோட்டம், குருமூர்த்தம், மாந்தோப்பு, பவழக்குன்று என இடம் பெயர்ந்து, 1899 அளவில் மலைமீதுள்ள விருபாட்சிக் குகையை அடைந்தார். 1916 வரை அதுவே உறைவிடம்.

குகை வாழ்வின் போக்கைத் தீர்மானித்தது வேனில். கோடையில் விருபாட்சிக் குகை வெம்மை மிகும், நீரும் கிட்டாது. ஆதலால் முலைப்பால் தீர்த்தத்தை அடுத்த மாமரத்துக் குகைக்கு அன்பர்களுடன் இறங்கிச் செல்வது வழக்கமாயிற்று. 1905இல் ஊரில் கொள்ளைநோய் பரவியபோது மலையடிவாரத்துப் பச்சையம்மன் கோயிலில் ஏறத்தாழ ஆறு மாதம் தங்கினார். பச்சையம்மன் வழிபாடு வடதமிழகத்து நாட்டார் சமயத்தின் முதன்மைக் கூறுகளுள் ஒன்று. காவல் முனிகளின் பேருருவச் சுதைச் சிற்பங்கள் அவ்வழிபாட்டிடங்களின் கலையடையாளம். ஆகமக் கோயில், சித்தர் குகை, நாட்டார் கோயில் ஆகிய மூன்றிலும் இரமணர் வாழ்ந்துள்ளமை அவர் வாழ்வின் பண்பாட்டு விரிவைக் காட்டுகிறது.

கந்தசாமி என்னும் அன்பர் மலையின் மேற்பகுதியில் கள்ளிப் புதர்களை அகற்றிப் படிக்கட்டும் தோட்டமும் அமைத்த இடம் கந்தாசிரமம் எனப் பெயர் பெற்றது. நீரூற்று அமைந்த அவ்விடத்தில் 1916 முதல் 1922 வரை இரமணர் இருந்தார். விருபாட்சியிலிருந்து கந்தாசிரமத்திற்குச் சென்றது, நீரற்ற இடத்திலிருந்து நீருள்ள இடத்திற்குச் சென்ற பெயர்ச்சியுமாகும்.

மலைவாழ் உயிர்களும் எளிய மக்களும்

மலை விலங்குகளின் உறைவிடத்தில் தாம் விருந்தினர் என்பதே இரமணரின் நிலைப்பாடு. பாம்பைக் கொல்ல அவர் இசையவில்லை. குரங்குக் கூட்டங்களின் தலைமைப் போட்டியையும் எல்லைப் பிணக்கையும் கூர்ந்து கண்டு அன்பர்க்கு விளக்கினார். கடியுண்டு நொண்டியான குட்டி ஒன்று அவரிடம் வளர்ந்து, பின்னர்த் தன் கூட்டத்திற்குத் தலைமையேற்றது. ஒருமுறை மலையின் வடபுறத்தே நடக்கையில் மிகப் பெரிய ஆலிலை ஒன்றைக் கண்டு, அம்மரத்தைத் தேடிச் சென்றார். வழியில் தொடை குளவிக்கூட்டில் பட்டுக் குளவிகள் அக்காலையே கொட்டின. கூட்டைக் கலைத்த கால் அதன் பயனை ஏற்க வேண்டும் என எண்ணி, அவை தணியும் வரை நகராது நின்றார். அறியாது செய்த செயலுக்கும் பொறுப்பேற்கும் இவ்வுணர்வு, இன்றைய சூழலியல் அறத்தோடு ஒப்பிட்டு எண்ணத்தக்கது.

புல்லும் விறகும் சேர்க்க மலையேறிய ஏழைப் பெண்கள் நண்பகல் வெயிலில் தளர்ந்து குகைக்கு வருவர். சாதியின் பெயரால் முலைப்பால் தீர்த்தத்தில் நீரெடுக்க அவர்களுக்கு இசைவில்லை. இரமணர் நீரைக் கையில் வார்த்தும் முதுகில் ஊற்றியும் அவர்கள் வெம்மையைத் தணித்தார். கஞ்சியும் வைத்திருந்து வழங்கினார். பாலையின் நண்பகலில் நீர் என்பது அறத்தின் அளவுகோல். அந்நீரைச் சாதி மறித்த இடத்தில் அவர் கை நின்றது. எனினும் பிற்காலத்து ஆசிரம உணவுக்கூடத்தில் பிராமணர்க்கும் ஏனையோர்க்கும் இடையே தடுப்பு இருந்தமையும் வரலாற்று உண்மை. இரு சாராரும் காணும்படி நடுவே அமர்ந்து உண்டார் இரமணர், தடுப்பு நீக்கப்படவில்லை. மலையில் இயன்றது நிறுவனத்தில் முழுமையாக இயலவில்லை என்பதை மறைக்காது பதிவு செய்தல் ஆய்வுக்கு இன்றியமையாதது.

மலைக்கீரை பறித்துச் சமைத்து முதலில் அவருக்குக் கொடுத்த முதியவள் கீரைப்பாட்டி எனப்பட்டாள். அவளே பின்னர் ஆசிரமத்துப் பசு இலட்சுமியாக வந்தாள் என்னும் நம்பிக்கை அன்பரிடையே நிலவியது. 1948 ஜூன் 18 அன்று இலட்சுமி இறந்தபோது அதற்குச் சமாதி எழுப்பப்பட்டது.

கைவினையும் கவிதையும்

இரமணரின் கலை மலை தந்த பொருள்களிலிருந்து தொடங்கியது. இலை தைத்தல், கொட்டாங்கச்சியைத் தேய்த்து மெருகேற்றிக் கிண்ணமாக்கல், ஊன்றுகோல் செதுக்கல் ஆகியவற்றில் அவர் தேர்ந்தவர். பயன் கருதாச் செயல் எது என அன்பர் ஒருவர் கேட்டபோது அவர் விடை கூறவில்லை. மலைவழியில் கிடந்த முட்கிளை ஒன்றை எடுத்து, முள்ளும் கணுவும் களைந்து, சொரசொரப்பான இலையால் நெடுநேரம் தேய்த்து அழகிய கோலாக்கினார். கோலைத் தொலைத்து வாடி நின்ற ஆட்டிடையச் சிறுவன் எதிர்ப்பட, அதனை அவனிடம் கொடுத்துவிட்டு நடந்தார். விடை அதுவே.

பாடல்களும் இவ்வாறு தேவையிலிருந்தே பிறந்தன. ஊருக்குள் உணவு இரந்துவரச் சென்ற குகைவாசிகள் பாடிச் செல்லத் தனிப்பாடல் வேண்டினர். அதன் பொருட்டு 1914 அளவில் எழுந்தது 108 கண்ணிகள் கொண்ட அருணாசல அட்சரமணமாலை. அகரவரிசையில் அமைந்த இந்நூல் தலைவி நிலையில் நின்று மலையைத் தலைவனாக விளிக்கிறது. அழைத்தலும் ஊடலும் இரத்தலும் அதில் மாறி மாறி வருகின்றன. 1896இல் வீட்டைப் பிரிந்து மலையை நாடிய செயல், இப்பாடலில் உடன்போக்கின் முடிவான மணமாக உருப்பெறுகிறது. பாலையின் பிரிவு, மலையாகிய குறிஞ்சியின் புணர்தலில் நிறைவுறும் திணைமயக்கமாக இதனைக் கொள்ளலாம்.

அருணாசல அஷ்டகத்தின் எட்டுப் பாடல்களுள் ஆறு, கிரிவலப் பாதையில் நடந்துகொண்டே இயற்றப்பெற்றவை. முதற்பாடல், அறியாப் பருவம் தொட்டே மலை உள்ளத்தில் பெரிதாய் நின்றதையும் அது திருவண்ணாமலை என அறிந்தும் பொருள் விளங்காதிருந்ததையும், நெருங்கியபோது அசையா மலையாகக் கண்டதையும் கூறும் தன்வரலாறாகும். எட்டாம் பாடல், கடலினின்று எழுந்த மேகம் மழையாய்ப் பொழிந்து ஆறாய் ஓடித் தடையிருப்பினும் கடல் சேர்ந்தே அமைவதையும், வானில் சுற்றும் பறவைக்கு நிலமன்றி வேறு தங்கிடம் இன்மையையும் உவமையாக்குகிறது. வற்றாத ஆறில்லாத மலையைச் சுற்றி நடந்தவர் கண்ட உவமை, மழையும் ஆறும் கடலுமாக அமைந்தது நோக்கற்பாலது.

1916இல் தாய் அழகம்மாள் நிலையாக மகனிடம் வந்து சேர்ந்தார். அப்பளம் இடத் துணைக்கு அழைத்தபோது மகன் இயற்றித் தந்ததே அப்பளப் பாட்டு. அதில் உளுந்து செருக்காகவும், பிரண்டைச் சாறு நல்லோர் இணக்கமாகவும், மிளகும் சீரகமும் உப்பும் மன அடக்கம் முதலிய பண்புகளாகவும் உருவகம் பெறுகின்றன. பிரண்டை, வறண்ட நிலத்து வேலிகளில் தானே படரும் கொடி. வேதாந்தக் கலைச்சொற்கள் அடுக்களைப் பொருள்கள் வழியே ஒரு தாய்க்கு எளிதில் எட்டும் தமிழாயின.

மலையடிவாரமும் இறுதிக்காலமும்

1922 மே 19 அன்று அழகம்மாள் மறைந்தார். இறுதி நேரம் முழுவதும் மகன் அருகமர்ந்து, ஒரு கையைத் தாயின் மார்பிலும் மறு கையைத் தலையிலும் வைத்திருந்தார். முன்னர்த் தேடிவந்த தாயைத் திருப்பியனுப்பிய பிரிவு இங்கே நிறைவுற்றது. மலையின் தென்புறத்தே பாலிதீர்த்தத்தருகே தாயின் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அன்றாடம் மலையிறங்கி அங்கு வந்துகொண்டிருந்த இரமணர், அவ்வாண்டின் இறுதியில் அங்கேயே தங்கிவிட்டார். கூரைக் கொட்டகையாகத் தொடங்கிய அவ்விடமே இரமணாசிரமம். 1924 ஜூன் 26 இரவு திருடர்கள் புகுந்து அவரையும் தாக்கினர். திருப்பித் தாக்க முனைந்த அன்பரை அவர் தடுத்தார். 1931இல் வந்த பால் பிரண்டனின் நூல் 1934இல் வெளிவந்தபின் மேலைநாட்டார் வருகை பெருகிற்று. இடையில் உபதேச உந்தியாரும் (1927), உள்ளது நாற்பதும் (1928) முருகனாரின் வேண்டுதலால் எழுந்தன.

1948 இறுதியில் இடக்கையில் தோன்றிய கட்டி புற்றுநோயென அறியப்பட்டது. 1949இல் நான்கு முறை அறுவை செய்தும் பயனில்லை. அவ்வாண்டு மார்ச்சில் தாயின் சமாதி மீது எழுந்த மாத்ருபூதேசுவரர் கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. 1950 ஏப்ரல் 14 இரவு 8.47 மணிக்கு, வெளியே அன்பர்கள் அட்சரமணமாலை பாடிக்கொண்டிருக்க, அவர் மூச்சு அடங்கியது. அவ்வேளை ஒளிமிக்க விண்கொள்ளி ஒன்று மலைப்பக்கம் சென்று மறைந்ததைப் பலர் கண்டனர். அங்கிருந்த பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோனும் அதனைப் பதிவு செய்துள்ளார். அது சித்திரைத் தொடக்கம், பாலைக்குரிய வேனில்.

முடிவுரை

இரமணர் வாழ்வில் நிலம் வெறும் பின்புலமன்று. வேனில் அவர் உறைவிடத்தை மாற்றியது. நீரின்மை அவர் அறத்தைச் சோதித்தது. முள்ளும் கொட்டாங்கச்சியும் பிரண்டையும் அவர் கலைக்கும் கவிதைக்கும் மூலப்பொருளாயின. பிரிவு, தேடல், உடன்போக்கு என்னும் பாலைத் துறைகள் அவர் வாழ்விலும் பாடலிலும் ஒருங்கே அமைந்து, மலையடைதல் என்னும் குறிஞ்சியில் முடிகின்றன. மலைபடுகடாம் பாடிய வட்டாரம் வளமிழந்து நின்ற காலத்தில், அதே வட்டாரத்து மலை ஒன்றைத் தலைவனாகக் கொண்டு மீண்டும் தமிழில் பாடியவர் இரமணர். அவர் பாடல்களைப் பக்தி இலக்கியமாகவும் மெய்யியல் நூலாகவும் படிப்பதோடு, திணை இலக்கியத்தின் பிற்காலத் தொடர்ச்சியாகவும் படிப்பதற்கு இடமுண்டு. அவ்வாறு படிக்கும்போது, அம்மலையின் சுனைகளையும் புல்வெளிகளையும் காத்தல் நூல்களைக் காத்தலுக்கு இணையான கடமையாகிறது. மலையின் நீர் வற்றினால், அம்மலையைப் பாடிய சொல்லின் பொருளும் ஒரு பங்கு வற்றும்.